சேர்க்கைப் பக்கம்

பிப்ரவரி 10, திங்கள்

பனி. எதிர்ப் பள்ளிவாசல் மினாராகூடத் தெரியவில்லை. மாடி அறையில் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்தேன்.

புது வேலை. நர்சிங் கல்லூரி வெப்சைட். கம்பத்திலிருந்து உத்தமபாளையம் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பச்சைக் கட்டிடம், அதுதான். பழைய சைட்டைத் திறந்து பார்த்தேன். நெஞ்சு எரிந்தது. இருப்பவை:

- முகப்பில் வெள்ளைக்கார நர்ஸ். நம்மூர்ப் பிள்ளை ஒன்றுகூட இல்லை.
- மினுக்கும் நட்சத்திரத்துக்குள் 'புதிது'. ஏழெட்டு இடத்தில்.
- திறந்த உடனே பாட்டு. நிறுத்த வழி கிடையாது.
- உச்சியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி. வலமிருந்து இடமாக ஓடுகிறது, ஓடுகிறது, நிற்பதே இல்லை.

போனில் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம்.

தாளாளரிடம் போனில் சொன்னேன். வெள்ளைப் பக்கம், ஒரே ஒரு நிறம், அசையாத எழுத்து. ஒரு தடவை செய்தால் பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாம். "எதுனாலும் செய்ங்க ஜமாலு. பாத்தா ஒரு மரியாதை வரணும், அம்புட்டுத்தேன்" என்றார். பரவாயில்லை. மற்றவர்கள் எல்லாம் 'ரிச்சா' கேட்பார்கள்.

மனைவி ஷகிலாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாள் முழுக்க ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக் கத்திவிட்டு வந்திருக்கிறாள். சுக்கு வாங்க வேண்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

ஜும்ஆ முடித்து நேரே கல்லூரி. படம் எடுக்கும் வேலை. வெயில் நன்றாக இருந்தது, வராந்தாவில் பிள்ளைகளை நிறுத்தி எடுத்தேன். சிரிக்கச் சொன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். பொத்தாமல் நின்ற நான்கு பேர் போதும்.

லேப்பில் ஒரு எலும்புக்கூடு. பிளாஸ்டிக். ஒரு கையைக் காணோம். கை இல்லாத பக்கத்தைச் சுவரோடு திருப்பி வைத்து எடுத்தேன்.

தாளாளர் முன்பு ஏலக்காய் வியாபாரம் செய்தவர். பேச்சில் இன்னும் விலை பேசும் அந்தக் கையசைப்பு இருக்கிறது. ஓடுகிற சிவப்பு வரியைப் பற்றிக் கேட்டேன். அதில் இருப்பது: 'நர்சிங் கவுன்சில் அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கப்பட்டு பரிசீலனையில் உள்ளது.'

"அதைத் தூக்கிருங்க."

"அங்கீகாரம் வந்திருச்சா சார்?"

"வந்த மாரித்தேன்."

"வந்திருச்சுன்னா அந்தச் சர்ட்டிபிகேட்டை ஸ்கேன் பண்ணி அனுப்புங்க. அதுக்குன்னு தனிப் பக்கமே போட்ருவோம்."

"அனுப்பி வைக்கிறேன், அனுப்பி வைக்கிறேன். மொதல்ல அந்த ஓட்டத்தை நிப்பாட்டுங்க. பாக்குறவுகளுக்குத் தலை சுத்துது."

எனக்கும் அது தொலைந்தால் போதும். வந்ததும் தூக்கிவிட்டேன். பக்கத்துக்கு மூச்சு வந்தது.

மார்ச் 1, சனி

பிறை தெரிந்தால் நாளை நோன்பு. அதற்குள் சோதனையை முடித்துவிட வேண்டும் என்று காலையில் கிளம்பினேன்.

என் வழக்கம் எப்போதும் இதுதான். சைட்டை அறைக்குள் உட்கார்ந்து சோதிக்கக் கூடாது. சிக்னல் செத்த இடமாகப் பார்த்து டவுன் பஸ்சில் போவேன். முன்பின் தெரியாத ஒருவர் கையில் போனைக் கொடுத்து, இதைக் கண்டுபிடியுங்கள் என்பேன். நான் வாயைத் திறக்கக் கூடாது. அவர் திணறினால் தப்பு என்னுடையது.

சின்னமனூர் வரை குச்சனூர் கோயில் கூட்டம், நிற்க இடமில்லை. அங்கே மாறி ஓடைப்பட்டி பஸ். உட்கார இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், காலடியில் காலித் திராட்சைக் கூடைகள். சட்டைக்கு வெளியே ஜெபமாலை. சிக்னல் ஒரு கோடு. சரியான ஆள், சரியான இடம்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி. இதுல ஹாஸ்டல் எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். உடனே எடுத்துவிட்டார். பஸ் வசதி, அதையும் எடுத்தார். என்ன படித்திருக்க வேண்டும், யாரைக் கேட்க வேண்டும், எல்லாம். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. நான் கேட்டு முடித்த பிறகும் போனைத் தரவில்லை, படித்துக்கொண்டே வந்தார்.

"எங்க பிள்ளை மெர்சி இப்பப் பிளஸ் டூ எழுதுது பாய். நர்சுக்குத்தேன் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிது. இதுக்கு அங்கீகாரமெல்லாம் இருக்குல்ல?"

"இருக்குண்ணே" என்றேன்.

வந்த மாதிரிதான் என்று தாளாளர் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கலாம். ஓடுகிற பஸ்சில் அதை எப்படி விளக்குவது.

அவர் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். இந்தத் தொழிலில் எனக்கு இப்படி யாரும் சொன்னதில்லை. "மத்த காலேஜுக்காரங்ய படமெல்லாம் பாத்தேன் பாய். சந்தைக்கடை மாரி கத்துது. இது ஆஸ்பத்திரிச் செவுரு கணக்கா இருக்கு. ஏமாத்துறவன் இம்புட்டு அமைதியாப் பேசமாட்டான்."

அவர் பெயர் அருளப்பன். ஓடைப்பட்டியில் திராட்சைப் பந்தல் குத்தகை. லிங்க் கேட்டார், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இறங்கிப் போகும்போது கூடையோடு கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

சந்தோஷம். திரும்பி வரும் பஸ்சில் தூங்கிவிட்டேன்.

மார்ச் 6, வியாழன்

சைட் வெளியாகிவிட்டது. நோன்பு வயிற்றோடு எல்லாப் பக்கத்தையும் ஒரு தடவை பார்த்தேன். ஒன்றுதான் உறுத்துகிறது. 'அங்கீகாரம்' பக்கம் காலி. தாளாளர் இன்னும் ஸ்கேன் அனுப்பவில்லை. கேட்டால், "இந்தா, இந்த வாரம்."

காலிப் பக்கம் அசிங்கம். மெனுவிலிருந்து அதன் பெயரை எடுத்துவிட்டேன். வந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

ஜூன் 9, திங்கள்

காற்று, சாரல். மாடி ஜன்னல் ஒரு பக்கம் கழன்றுவிட்டது. ஆசாரியைக் கூப்பிட வேண்டும்.

மதியம் கடைப்பையன் ஒரு பெட்டி கொண்டுவந்து வைத்தான். திராட்சை. விதையில்லாதது, கருநீலம், மேலே அந்த வெள்ளைப் பூச்சு கலையாமல். அருளப்பன் பஸ்சில் போட்டுவிட்டிருக்கிறார். பிறகு போன் வந்தது.

"பிள்ளையைச் சேத்துட்டேன் பாய். யூனிபார்ம் போட்டு நிக்கிது. எங்க வகையறாவுலயே மொத நர்சு. நீங்க அன்னைக்கிப் பஸ்சுல வராட்டி எனக்குத் தெரிஞ்சிருக்காது."

ஷகிலா ஒரு கொத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு, "யாரு குடுத்தாக?" என்றாள். என் சைட்டை நம்பி ஒருத்தர் பிள்ளையைச் சேர்த்திருக்கிறார் என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

மழை விடவில்லை. ஆற்றில் செந்தண்ணீர். ஓடைப்பட்டிப் பக்கம் பந்தல்கள் சரிந்ததாகச் செய்தி. அருளப்பனுக்குப் போன் போட்டேன். பாதிப் பந்தல் போய்விட்டதாம். காய் எல்லாம் வெடித்துவிட்டதாம். "இருக்கட்டும் பாய். பிள்ளை படிப்பு இருக்குல்ல" என்றார்.

தாளாளரிடம் அங்கீகார ஸ்கேன் மறுபடி கேட்டேன். வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் அனுப்பினார். கேட்பதை நிறுத்திவிட்டேன். எனக்கும் வேறு வேலை இருக்கிறது.

பிப்ரவரி 23, திங்கள்

நோன்பு. தலைவலி. காலையில் வேலை ஓடவில்லை.

பதினோரு மணி போல அருளப்பன் மாடியேறி வந்தார். கூட மெர்சி. அவளை இன்றுதான் நேரில் பார்க்கிறேன். நீலக் கோடு போட்ட யூனிபார்ம், ஒல்லி, கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அருளப்பன் மெலிந்துபோயிருக்கிறார். நோன்பு என்று தெரிந்து தண்ணீர்கூட வேண்டாம் என்றுவிட்டார். நான் வற்புறுத்தி மெர்சிக்கு மட்டும் கொடுத்தேன்.

நடந்தது இது. கவுன்சில் நடத்தும் பரீட்சைக்கு மற்றக் கல்லூரிப் பிள்ளைகளுக்கெல்லாம் நம்பர் வந்துவிட்டது. இவர்களுக்கு வரவில்லை. கேட்டதற்கு, இங்கேயே பரீட்சை, இங்கேயே சர்ட்டிபிகேட் என்றிருக்கிறார்கள். மெர்சியின் தோழி ஒருத்தி கவுன்சிலுக்கே போன் போட்டுக் கேட்டிருக்கிறாள். அப்படி ஒரு கல்லூரி அவர்கள் பட்டியலிலேயே இல்லை. வந்த மாதிரியும் இல்லை. வருகிற மாதிரியும் இல்லை.

"இந்தச் சர்ட்டிபிகேட்டை வச்சுக்கிட்டு நர்சுன்னு எங்கயும் பதிய முடியாது அங்கிள்" என்றாள் மெர்சி. குரல் உடையாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

வேறு கல்லூரிக்குப் போகலாம் என்றால் பிளஸ் டூ மார்க் ஷீட்டும் டி.சி.யும் கல்லூரி பீரோவுக்குள். கொடுக்க மாட்டேன் என்கிறார்கள்.

அருளப்பன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நீங்க சொன்னீகன்னு கேக்க வரல பாய். உங்களுக்கு அங்கன பழக்கம் இருக்குல்ல. ஒரு வார்த்தை பேசி, பிள்ளை மார்க் ஷீட்டையாவது வாங்கிக் குடுங்க."

நான் அவரிடம் பஸ்சில் சொன்ன ஒற்றை வார்த்தை அவருக்கும் நினைவிருக்கிறது, எனக்கும் நினைவிருக்கிறது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. அவர் போனதும் சைட்டைத் திறந்து பார்த்தேன். அழகாக இருந்தது. மூடி வைத்தேன்.

நோன்பு திறந்தேன். ஷகிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தத் திராட்சைய நானும் தின்னேன்" என்றாள்.

பிப்ரவரி 24, செவ்வாய்

தாளாளர் அறை. ஏ.சி. குளிர். சாமி படத்துக்குப் பக்கத்தில் நான் செய்த சைட்டின் முகப்பை பிரிண்ட் எடுத்து பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டேதான் பேச வேண்டியிருந்தது.

"அங்கீகாரம் வந்திருச்சுன்னு சொன்னீங்க சார்."

"வந்த மாரின்னுதேன் சொன்னேன்."

"அதை நம்பித்தானே அந்த வரியை எடுத்தேன்."

"நீங்கதான ஜமாலு மூஞ்சிய சுளிச்சுக்கிட்டு, ஓடுது ஓடுதுன்னு கேட்டீக? சைட்டுல ஒரு எடத்துல அங்கீகாரம் இருக்குன்னு போட்ருக்கா? காட்டுங்க. ஒரு வரி பொய் இருந்தாக் காட்டுங்க."

இல்லை. எழுத்தெழுத்தாக எனக்குத் தெரியும். பொய் ஒன்றுமே இல்லை. உண்மையாக இருந்த ஒரே வரியை எடுத்தது நான். காலியாக இருந்த பக்கத்தை மறைத்தது நான். அந்த ஆள் கையைக்கூட அசைக்கவில்லை.

மார்க் ஷீட்டுகளைக் கேட்டேன். சொந்த விருப்பத்தில் விலகுகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் தருவாராம். கூடவே ஒரு வருடப் பயிற்சி முடித்ததாக ஒரு தாளும் தருவாராம். பெரிய மனசு.

பிப்ரவரி 25, புதன்

சைட்டை இறக்கிவிட்டேன். சர்வர் என் பெயரில்தான் இருக்கிறது. ஒரு பட்டன்தான். இப்போது திறந்தால் வெறும் வெள்ளை, நடுவில் 'இந்தத் தளம் இயங்கவில்லை'.

நிம்மதி. இரண்டு நாளுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணசந்தேன்.

ஷகிலாவிடம் சொன்னேன். நோன்புக் கஞ்சிக்கு இஞ்சி உரித்துக்கொண்டிருந்தாள். "நீங்க எடுத்துட்டா அந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சை நம்பர் வந்துருமா?" என்றாள். இனிமேல் யாரும் ஏமாற மாட்டார்கள் அல்லவா என்றேன். தலையாட்டினாள். சரி என்ற தலையாட்டல் இல்லை.

மார்ச் 2, திங்கள்

தேனி போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். நல்ல கூட்டம். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் வீட்டுப் பாதையை யாரோ மறித்துவிட்டார்கள் என்று அழுதுகொண்டிருந்தார். ரசீது தந்தார்கள். விசாரிப்பதாகச் சொன்னார்கள். பார்ப்போம்.

தாளாளர் நான்கு தடவை போன். எடுக்கவில்லை. ஐந்தாவதாக வாய்ஸ் மெசேஜ்: "ஏலே, யாரு சொத்துல யாரு கை வைக்கிறது?" இத்தனை நாள் 'ஜமாலு', 'வாங்க', 'போங்க'. இப்போது ஏலே.

மார்ச் 4, புதன்

இதை எழுதுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

மெர்சி வந்தாள். கூட அருளப்பனும், அவளோடு படிக்கிற இரண்டு பிள்ளைகளும். எல்லோரும் கையெழுத்துப் போட்டு மார்க் ஷீட்டை வாங்கிவிட்டார்களாம். நல்லது என்றேன். அடுத்த வருடம் வேறு நல்ல கல்லூரியில் சேர்ந்துவிடலாம் என்றேன். அருளப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இன்னொரு தடவை படிக்க வைக்க அப்பாட்ட ஒண்ணும் இல்ல அங்கிள்" என்றாள் மெர்சி. "பந்தலையே விட்டாச்சு."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். குமுளி தாண்டி கட்டப்பனையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ஆள் எடுக்கிறார்கள். அங்கே பதிவெண் எல்லாம் கேட்பதில்லை. ஒரு வருடப் பயிற்சித் தாள் போதும். ஆனால் அங்குள்ள மேனேஜர் தாளை வாங்கியதும் போனை எடுத்துக் கல்லூரி பெயரைத் தட்டிப் பார்த்திருக்கிறார். வெள்ளைப் பக்கம். "வெப்சைட் பூட்டிப்போயல்லோ", மூடிப்போயிற்றே என்று மலையாளத்தில் சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"திருப்பிப் போட்ருங்க அங்கிள்."

அது ஏமாற்றுக் கல்லூரி அல்லவா என்றேன்.

"அது ஏமாத்துக் காலேஜ்தான். எங்களுக்குத் தெரியாதா? ஆனா சைட்டுல பாத்தா நல்ல காலேஜ். எங்ககிட்ட இருக்குறது அது ஒண்ணுதான்."

உண்மையையும் சேர்த்துப் போடுகிறேன் என்றேன். அங்கீகாரம் இல்லை என்று மேலே ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும். கூட வந்த பிள்ளைகளில் ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். "அந்த வரியத்தான சார் மேனேஜர் மொதல்ல படிப்பாரு."

அருளப்பன் அப்போதுதான் திரும்பினார். "பாய், நீங்க நல்லது நெனைச்சுத்தேன் எறக்குனீக. எனக்குத் தெரியிது. ஆனா இப்ப எம் பிள்ளை தலையில கல்லைப் போடாதீக" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் அத்தா வயதில்லை, ஆனாலும் என்னைவிட மூத்தவர். அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

போட்டுவிட்டேன்.

ஆனால் சேர்க்கைப் பக்கத்தை மட்டும் எடுத்துவிட்டுப் போட்டேன். யாரும் புதிதாக விண்ணப்பிக்க முடியாது. இப்படி ஒரு வழி இருப்பது நேற்றே தோன்றாமல் போய்விட்டதே என்று என்னையே மெச்சிக்கொண்டேன். மெர்சியிடமிருந்து உடனே மெசேஜ்: 'வந்துருச்சு அங்கிள் தாங்க்ஸ்.' இரண்டு கும்பிடு, ஒரு பூ.

மார்ச் 9, திங்கள்

தாளாளர் நேரிலேயே வந்துவிட்டார். செருப்பைக் கழற்றாமல் மாடியேறினார். கோபமாக வருவார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டு வந்தார்.

"அட்மிஷன் பக்கம் இல்லாத சைட்டு எனக்கு எதுக்கு ஜமாலு? மதுரையில ஒரு பையன் இருக்கான். அவன்ட்ட குடுத்தா ரெண்டு நாள்ல வேற போட்ருவான். உங்களுது மாரி இருக்காது. பளபளன்னு இருக்கும். பேரையும் மாத்தப் போறேன். இந்தப் பேரு கொஞ்சம் கெட்டுப்போச்சு."

பெயரை மாற்றினால் மெர்சி கையில் இருக்கும் தாள் வெறும் தாள். அந்தப் பெயரில் ஒரு கல்லூரியே இருக்காது. அது அவருக்குத் தெரிந்துதான் சொல்கிறார். பிள்ளைகள் என்னிடம் வந்தது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

"மனு ஒண்ணும் குடுத்தீகளாமே" என்றார் படியிறங்கும்போது. "குடுங்க. விசாரிக்க வரும்போது வரட்டும். மேல பேசி அங்கீகாரம் வாங்குறதுக்கு எனக்கும் ஒரு சாக்கு."

சாயங்காலம் சேர்க்கைப் பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். ஷகிலாவிடம் மறைக்கவில்லை. சர்வர் என்னிடம் இருக்கும் வரை விண்ணப்பம் ஒவ்வொன்றும் கல்லூரிக்குப் போகும்போது எனக்கும் ஒரு நகல் வரும். வந்ததும் அவர்களைப் போனில் கூப்பிட்டுச் சேராதே என்று சொல்லிவிடுவேன். ஒருவரைக்கூட விட மாட்டேன். மதுரைப் பையனிடம் போனால் அதுவும் முடியாது.

ஷகிலா கேட்டாள்: "நீங்க கூப்புடுறதுக்குள்ள அவுக நேர போயி சேத்துட்டா?"

மக்ரிப் பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏப்ரல் 17, வெள்ளி

வெயில் கொளுத்துகிறது. மின்விசிறி காற்றே சுடுகிறது. மனு பற்றி ஒரு போன் வந்தது, கல்லூரி முகவரி கேட்டார்கள். சொன்னேன். அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

மெர்சி கட்டப்பனையில் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. அருளப்பன் சொன்னார். பெயர்தான் நர்ஸ். ஊசி தொட விடுவதில்லை. படுத்த நோயாளிகளைப் புரட்டிவிடுவது, துணி மாற்றுவது, தரை துடைப்பது. "யூனிபார்ம் குடுத்துருக்காக பாய். போட்டோ அனுப்புச்சு" என்றார். அவர் இப்போது அடுத்தவர் பந்தலில் மருந்தடிக்கப் போகிறார். பேசும்போது இருமிக்கொண்டே இருந்தார்.

ஒரு உதவி கேட்டார். சைட்டில் 'எங்கள் மாணவிகள்' என்று ஒரு இடம் இருக்கிறதே, அங்கே மெர்சி படத்தையும் போட்டால் ஆஸ்பத்திரியில் மரியாதையாக இருக்கும். போட்டேன். பின்னணியைக் கொஞ்சம் வெளுத்து, முகம் நடுவில் வரும்படி வெட்டிப் போட்டேன். நன்றாக வந்திருக்கிறது. செய்து முடித்ததும் என் கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

மே 12, செவ்வாய்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது. நேற்று முழுக்கப் பட்டாசுச் சத்தம். மின்சாரம் போய்ப் போய் வந்தது.

காலையில் மெயில் பெட்டியைத் திறந்தால் முதல் விண்ணப்பம். பாண்டீஸ்வரி, வடுகபட்டி. தகப்பன் பெயருக்கு எதிரே 'இல்லை'. தாய் பூண்டுக் கமிஷன் கடையில் கூலி. 'எங்களைப் பற்றி எப்படித் தெரியும்' என்று நான் வைத்த கட்டத்தில் எழுதியிருக்கிறாள்: 'உங்கள் வெப்சைட்டைப் பார்த்தேன். நம்பிக்கையாக இருந்தது. மெர்சி அக்கா படத்தையும் பார்த்தேன்.'

டீயைக்கூடக் குடிக்காமல் நம்பரைப் போட்டேன். மணி அடிக்கும் முன்பே எடுத்துவிட்டாள்.

"சார், காலேஜ்ல இருந்தா? எனக்குச் சீட்டுக் கெடைச்சிருச்சா?" என்றவள், நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பக்கம் திரும்பி, "ஆத்தா, காலேஜ்ல இருந்து பேசுறாக, ஓடியா" என்று கத்தினாள்.

சொன்னேன். தயங்காமல் எல்லாம் சொன்னேன். அங்கீகாரம் இல்லை, பரீட்சை எழுத முடியாது, மார்க் ஷீட்டை வாங்கி வைத்துக்கொள்வார்கள், சேர வேண்டாம். பிறகு போன் கை மாறியது. பின்னால் பூண்டு புடைக்கும் சத்தம்.

"நீங்க யாருய்யா?" என்றார் அவள் தாய்.

"அந்த வெப்சைட்டைச் செஞ்சவன்ம்மா."



"அப்பறம் எதுக்குய்யா அதை இன்னும் போட்டு வச்சிருக்கீக?"